67ஆவது கிராமி: பியான்சேக்குக் கிடைத்தது இந்த வருஷத்துப் பரிசா, பழைய பாக்கியா?

சுருதிபேதம் | 3 பிப்ரவரி 2025, காலை 10:52

ஆல்பம் ஆஃப் தி இயர் அறிவித்தாயிற்று. பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்'. இந்தப் பிரிவில் அவருக்கு இது ஐந்தாவது பரிந்துரை. 2010இல் டெய்லர் ஸ்விஃப்ட், 2015இல் பெக், 2017இல் அடேல், 2023இல் ஹாரி ஸ்டைல்ஸ் என்று நான்கு தடவை பக்கத்து நாற்காலிக்குப் போன பரிசு இப்போதுதான் அவர் கைக்கு வந்திருக்கிறது. வீட்டில் மொத்தம் 35 கிராமி, வேறு யாரிடமும் அவ்வளவு இல்லை. ஆனால் இந்தப் பெரிய பரிசு இதுவே முதல்.

ஜெயித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. எதற்காக ஜெயித்தார் என்பதில்தான் சந்தேகம். 2017இல் தோற்ற அவருடைய 'லெமனேட்' ஆல்பத்துக்கே அப்போது கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்த ஆல்பத்துக்குக் கொடுத்திருப்பார்களா? 27 தடங்கள், 78 நிமிஷம். முதல் பாதி அபாரம். நடுவில் எனக்குக் கவனம் கலைந்துவிட்டது. அதே பட்டியலில் பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' இருந்தது. பத்தே பாட்டு, ஒன்றைக்கூட எடுத்தெறிய முடியாது. ஏழு பரிந்துரையோடு வந்த பெண் வெறுங்கையோடு போயிருக்கிறார்.

என் கட்சி இதுதான்: கிராமி பழைய கணக்கைத் தீர்க்கிறது, அதற்கான செலவு இந்த வருஷம் நல்ல ஆல்பம் போட்டவர் தலையில் விழுகிறது. அடிக்க வருபவர்கள் வரலாம்.

தேனிக்காரி | 3 பிப்ரவரி 2025, காலை 11:07

வந்துட்டேன்.

நடுவுல கவனம் கலைஞ்சா அது ஆல்பத்தோட குத்தமா, உங்க குத்தமா சார்? லிண்டா மார்ட்டெல்னு ஒரு அம்மா அந்த ஆல்பத்துல பேசுறாங்களே, அவங்க யாருன்னு தேடிப் பாத்தீங்களா? 1969ல கிராண்ட் ஓல் ஆப்ரிங்கிற பேர்போன கன்ட்ரி இசை மேடையில தனியாப் பாடுன முதல் கறுப்பினப் பெண். அதுக்கப்புறம் அவங்களக் காணாமலே ஆக்கிட்டாங்க. 55 வருசம் கழிச்சு ஒரு பாட்டுக்காரி அவங்களக் கூட்டியாந்து நடுவுல உக்கார வச்சிருக்கா. 'பிளாக்பேர்ட்' பாட்டுக்கு நாலு கறுப்பினக் கன்ட்ரிப் பாடகிகளக் கூடப் பாட வச்சிருக்கா. இத விட ஒரு ஆல்பத்துக்கு என்ன வேணும்?

"பழைய பாக்கி"ன்னு சொல்றவுக ஒண்ணு யோசிங்க. பியான்சேக்கு முன்னாடி இந்தப் பரிசு வாங்குன கறுப்பினப் பெண்கள் மூணே பேரு. நடாலி கோல், விட்னி ஹூஸ்டன், லாரின் ஹில். லாரின் ஹில் வாங்குனது 1999ல. பாக்கி வச்சது யாரு, எத்தன வருசமா வச்சாக? அதக் கேக்காம, குடுத்த அன்னிக்கி மட்டும் கணக்கு நோட்டத் தூக்கிட்டு வர்றீங்க.

ராப்_ராசு | 3 பிப்ரவரி 2025, காலை 11:15

பியான்சே பஞ்சாயத்த நீங்க பாத்துக்கோங்க. நம்ம தலைவர் கெண்ட்ரிக் லமார் அஞ்சுக்கு அஞ்சு அடிச்சுட்டாப்ல. 'நாட் லைக் அஸ்' ரெக்கார்ட் ஆஃப் தி இயரும் எடுத்துச்சு, சாங் ஆஃப் தி இயரும் எடுத்துச்சு. ராப் பாட்டு ரெண்டையும் சேத்து வாங்குறது இது ரெண்டாவது தடவ, முன்னாடி சைல்டிஷ் காம்பினோ மட்டும்தான். அரங்கமே அந்த வரிய எந்திரிச்சுப் பாடுச்சு பாத்தீங்களா? அதுல திட்டு வாங்குன ராப்பர் டிரேக் எங்க உக்காந்து பாத்தாரோ தெரியல. போன மாசம்தான் அந்தப் பாட்டுக்காகத் தன்னோட கம்பெனி மேலயே கேஸ் போட்டாரு. கேஸ் ஒரு பக்கம், கிராமி ஒரு பக்கம் 😂

பனிக்காடு | 3 பிப்ரவரி 2025, காலை 11:31

ரொறன்ரோவில இருந்து எழுதுறன், இஞ்ச இப்ப நடுச்சாமம் தாண்டீட்டுது. நித்திரை வரேல்லை, ஆத்திரம்தான் வருது.

ஒருத்தனைத் திட்டிப் பாடின பாட்டு வருசத்தின்ர சிறந்த பாட்டு எண்டால் எனக்கு விளங்கேல்லை. பாட்டு நல்லா இருக்கு, அதை மறுக்கேல்லை. தாளம் ஆளை விடாது. ஆனா அதில சொல்லுற குற்றச்சாட்டுகள் லேசுப்பட்டதில்லை, நிரூபிக்கப்பட்டதுமில்லை. பதின்மூவாயிரம் பேர் வாக்குப் போட்டு அதுக்குக் கிரீடம் வைக்கினம். ராசு தம்பி, உங்கட ஆள் பாடின எத்தினையோ பாட்டு இதைவிடப் பெறுமதியானது.

ராப்_ராசு | 3 பிப்ரவரி 2025, காலை 11:38

அண்ணே அத நானே ஒத்துக்குறேன். ஆனா அந்தப் பெறுமதியான பாட்டெல்லாம் வந்தப்ப என்ன பண்ணாங்க? 2014ல தலைவரோட 'குட் கிட், மேட் சிட்டி' இருக்கறப்ப ராப் ஆல்பம் பரிச மாக்லமோருக்குக் குடுத்தாங்க. அந்த மனுஷனே கூச்சப்பட்டு கெண்ட்ரிக்குக்கு மெசேஜ் அனுப்பி, அத ஊருக்கே போட்டுக் காட்டுனாரு. தலைவரோட 'டேம்' ஆல்பம் 2018ல புருனோ மார்ஸ்கிட்ட தோத்துச்சு. ரெண்டரை மாசத்துல அதே ஆல்பத்துக்குப் புலிட்சர் குடுத்தாங்க! புலிட்சர் கமிட்டிக்குக் கேட்ட காது கிராமிக்குக் கேக்கல. ஆல்பம் ஆஃப் தி இயர் இன்னிக்கு வரைக்கும் தலைவருக்கு இல்ல.

அதனால சுருதி சார் சொன்னது பாதி கரெக்ட். பாக்கிய வேற எதுக்காச்சும் சேத்துக் குடுக்கறது அவங்க பழக்கம்.

கோடம்பாக்கம்_கீபோர்டு | 3 பிப்ரவரி 2025, மதியம் 12:20

ரெக்கார்டிங் நடுவுல எட்டிப் பாத்தேன், சூடா ஓடுது. "அவங்க" "அவங்க"ன்னு எல்லாரும் எழுதுறீங்க. அந்த "அவங்க" ஒரு ஆள் கிடையாது. எப்படி ஓட்டு விழுதுன்னு தெரிஞ்சா பாதிச் சண்டை குறையும்.

கிராமி குடுக்குற ரெக்கார்டிங் அகாடமியில ஓட்டு உள்ளவங்க சுமார் 13,000 பேர். ரசிகர்கள் கிடையாது. பாடறவங்க, எழுதறவங்க, தயாரிப்பாளர், மிக்ஸிங் பண்றவங்க, எங்கள மாதிரி வாசிக்கிறவங்க. விற்பனை, ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை எதுவும் கணக்குல வராது. ஒருத்தர் மூணு துறைக்குள்ள அதிகபட்சம் பத்துப் பிரிவுலதான் ஓட்டுப் போடலாம். அதுக்கு மேல பொதுப் பிரிவு ஆறுலயும் எல்லாரும் போடலாம். ஆல்பம் ஆஃப் தி இயர் அந்த ஆறுல ஒண்ணு. அதாவது கிளாரினெட் வாசிக்கிறவரும், கோஸ்பல் பாடறவரும், குழந்தைகள் ஆல்பம் போடறவரும் ஒரே சீட்டுல சேந்து முடிவு பண்றாங்க.

இன்னொண்ணு. எட்டுப் பேர் போட்டியில இருக்காங்க. யாருக்கு அதிக ஓட்டோ அவருக்குப் பரிசு, அவ்வளவுதான். பாதிக்கு மேல வாங்கணும்னு இல்ல. பாப் கேக்குற கூட்டம் பில்லி, சாப்பல் ரோன், சப்ரினா, டெய்லர், சார்லின்னு அஞ்சாப் பிரியுது. பியான்சேக்கு ஆர் அண்ட் பி பக்கமும் ஓட்டு, கன்ட்ரி பக்கம் கொஞ்சம், பெரிய தயாரிப்ப மதிக்கிற பழைய ஆட்கள் ஓட்டும் வந்திருக்கும். யாரும் உக்காந்து "பாக்கியத் தீப்போம்"னு தீர்மானம் போட வேண்டியதே இல்ல, கணக்கு தானாவே அப்படித்தான் விழும்.

ராசுவுக்கு ஒரு விளக்கம்: ரெக்கார்ட் பரிசு பாடினவருக்கும் தயாரிச்சவருக்கும் ஒலிப்பதிவு, மிக்ஸிங் பண்ணவங்களுக்கும். சாங் பரிசு எழுதினவருக்கு மட்டும். 'நாட் லைக் அஸ்' ரெக்கார்டா ஜெயிச்சதுல எனக்குக் கேள்வியே இல்ல, அந்த பேஸ் லைன் ஒண்ணே போதும். எழுத்துன்னு பாத்தா பில்லியோட 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' மேல. இது என் தொழில் கருத்து, ரசிகர் கருத்து இல்ல.

இரும்பிசை | 3 பிப்ரவரி 2025, மதியம் 12:44

நீங்க எல்லாம் நேத்து அடி வாங்கி இன்னிக்கு அழறீங்க. நாங்க 1989ல வாங்குனதுங்க!

சின்னப் பசங்களுக்காக: அந்த வருசந்தான் கிராமியில ஹார்ட் ராக், மெட்டல் ரெண்டுக்கும் சேத்து ஒரு பிரிவு வந்துச்சு. மெட்டாலிகா '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' போட்டிருந்தாங்க, அன்னிக்கு மேடையில வாசிக்கவும் செஞ்சாங்க. ஆலிஸ் கூப்பர் உறையப் பிரிச்சு ஜெத்ரோ டல்னு படிச்சாருங்க. புல்லாங்குழல் வெச்சு வாசிக்கிற குழு! கூட்டத்துல பூ பூன்னு சத்தம். வாங்கிக்க டல் ஆளுங்க அங்க இல்லவே இல்ல, ஜெயிக்க மாட்டோம்னு நினைச்சு வரவே இல்ல. அப்புறம் அவங்க சைடுல பத்திரிகை விளம்பரமே போட்டாங்க, புல்லாங்குழலும் கனமான உலோக வாத்தியந்தான்னு.

அடுத்த வருசமே பிரிவ ரெண்டா உடைச்சு, மெட்டாலிகாவுக்கு 'ஒன்'னுக்குக் குடுத்தாங்க. 1992ல திரும்ப வாங்கறப்ப லார்ஸ் உல்ரிக் மேடையில, இந்த வருசம் ஆல்பம் போடாததுக்கு ஜெத்ரோ டல்லுக்கு நன்றின்னாரு.

கீபோர்டு அண்ணா சொன்னதுக்கு இதுதான் சரியான உதாரணம். மெட்டல் கேக்காதவன் சீட்டுல தெரிஞ்ச பேருக்கு டிக் அடிப்பான். இன்னிக்கும் அதேதான். ராக் பெர்ஃபார்மன்ஸ் யாருக்குங்க? பீட்டில்ஸுக்கு. 2025ல! ராக் ஆல்பம் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு. ஃபான்டெய்ன்ஸ் டிசி, ஐடில்ஸ், ஜாக் வைட் எல்லாம் வரிசையில நிக்கறாங்க. பேர் பெருசா இருந்தா போதும்.

ஆனா மெட்டல்ல கோஜிராவுக்குக் குடுத்தது எனக்கு சந்தோஷந்தான். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல சிறைக் கோட்டை ஜன்னல்ல நின்னு வாசிச்சாங்களே, அந்தப் பாட்டு. மெட்டாலிகாவும் ஜூடாஸ் பிரீஸ்டும் தோத்திருக்காங்க, ஆனாலும் மனசு கேக்குதுங்க.

பழைய_கேசட் | 3 பிப்ரவரி 2025, மதியம் 1:30

இரும்பிசைத் தம்பிக்கு ஒரு துணுக்கு. லார்ஸ் சொன்ன நகைச்சுவை அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. 1976இல் பால் சைமன் ஆல்பம் பரிசை வாங்கியபோது, இந்த ஆண்டு ஆல்பம் வெளியிடாததற்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி சொன்னார். ஸ்டீவி அதற்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்து வாங்கியிருந்தார், 1977இல் மறுபடியும் வாங்கினார். கறுப்பினக் கலைஞருக்கே இந்தப் பரிசு கிடைப்பதில்லை என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். எழுபதுகளின் கதை வேறு. பிறகு வந்த இறக்கம்தான் விசாரணைக்குரியது.

என் ஆற்றாமை வேறு. மறைந்த கலைஞர்களுக்கான அஞ்சலியில் ஜாகிர் உசேன் பெயரைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. சென்ற பிப்ரவரியில் ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கியவர். டிசம்பர் 15 அன்று மறைந்தார். அகாடமியின் இணையப் பட்டியலில் பெயர் இருக்கிறதாம். இணையப் பட்டியலை யார் பார்ப்பார்கள்? ஜெயித்தவர் தோற்றவர் சண்டையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தேனிக்காரி | 3 பிப்ரவரி 2025, மதியம் 1:41

இதுல நான் உங்க கட்சி அய்யா. மனசே ஆறல. ஒரு வருசம் முன்னாடி மேடையேத்தின ஆள அதுக்குள்ள மறப்பாங்களா.

சுருதிபேதம் | 3 பிப்ரவரி 2025, மதியம் 2:05

ஜாகிர் இருந்த ஷக்தி குழு வாங்கியது போன வருஷம் இதே சமயம், 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு. சங்கர் மகாதேவன், கஞ்சிரா செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் எல்லாரும் அதில் இருந்தார்கள். செல்வகணேஷின் அப்பா விக்கு விநாயக்ராம் 1992இல் 'பிளானட் டிரம்'மில் கடம் வாசித்தார், உலக இசைக்கென்று பிரிவு வந்த முதல் வருஷமே அந்த ஆல்பம் ஜெயித்தது. அப்போதும் ஜாகிர் கூட இருந்தார். இத்தனை தொடர்பு உள்ளவரை விட்டது கவனக்குறைவா அலட்சியமா என்று கேட்டால் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் அய்யா, இதையும் சொல்ல வேண்டும். இந்தியப் பெயர்கள் ஜெயிக்கிற பிரிவுகள் எதுவுமே பிரைம் டைமில் வருவதில்லை. மொத்தம் 94 பிரிவு. ஏறக்குறைய எல்லாமே மதியம் நடக்கும் முன்விழாவில் முடிந்துவிடும். நமக்கு அது விடியற்காலை இரண்டு மணி. ரஹ்மான் 2010இல் வாங்கிய இரண்டும் அப்படித்தான்.

பழைய_கேசட் | 3 பிப்ரவரி 2025, மாலை 4:18

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். இன்று சென்னை நாளிதழ்கள் எல்லாம் சந்திரிகா டாண்டனைக் கொண்டாடுகின்றன. சென்னையில் வளர்ந்தவர், கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தவர், இந்திரா நூயியின் அக்கா. 'திரிவேணி' புதுயுக இசைப் பிரிவில் வென்றது. வாழ்த்துகள்.

ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஐந்தில் நான்கு இந்திய வேருள்ளவர்கள்: சந்திரிகா, அனுஷ்கா சங்கர், ரிக்கி கேஜ், ராதிகா வெக்காரியா. ஐந்தாமவர் ரியூயிச்சி சகமோட்டோ. நோய் முற்றிய நிலையில், கடைசியாகத் தனிப் பியானோவில் தன் வாழ்நாள் இசையை வாசித்துப் பதிவு செய்த 'ஓபஸ்'. 2023 மார்ச்சில் போய்விட்டார். நான் இரண்டு ஆல்பத்தையும் முழுக்கக் கேட்டேன். 'திரிவேணி' நல்ல இதமான இசை. 'ஓபஸ்' வேறு உயரம். நம் ஊர்க்காரர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியுமா? அடேல் வென்றால் அநியாயம், நம்மவர் வென்றால் நியாயம் என்றால் அது ரசனை ஆகாது.

ராப்_ராசு | 3 பிப்ரவரி 2025, மாலை 4:25

பெருசு இன்னிக்கு ஃபுல் ஃபார்ம்ல இருக்காரு 🔥

கச்சேரிப்பித்து | 3 பிப்ரவரி 2025, மாலை 5:02

அமெரிக்காக்காரன் சண்டை இருக்கட்டும். போன வருஷம் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தபோது இங்கே நடந்ததைவிடவா? மியூசிக் அகாடமி சீசனையே வேண்டாம் என்று சில வித்வான்கள் விலகினார்கள், எம்.எஸ். பெயரிலான விருது கோர்ட் வரை போனது. அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை, பியான்சேக்கு

மட்டுறுத்துநர் | 3 பிப்ரவரி 2025, மாலை 5:10

கச்சேரிப்பித்து அவர்களே, அதற்கென்றே 41 பக்கத்துக்கு ஒரு இழை பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய காரணம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். இங்கே கிராமி மட்டும். பதிவின் பின்பாதியை வெட்டியிருக்கிறேன்.

ஹூஸ்டன்வாசி | 3 பிப்ரவரி 2025, இரவு 8:37

இப்போதுதான் எழுந்து காபி போட்டேன். எங்கள் ஊர்ப் பெண் ஜெயித்திருக்கிறார், ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர், அதனால் நான் நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை.

எல்லாரும் பெரிய பரிசையே பேசுகிறீர்கள். இங்கே டீக்கடை இல்லாத குறைக்கு ஆபீஸ் லிஃப்டில் நடக்கும் சண்டை முழுக்க இன்னொரு பரிசைப் பற்றி: சிறந்த கன்ட்ரி ஆல்பம். கிறிஸ் ஸ்டேபிள்டன், லேனி வில்சன், கேசி மஸ்கிரேவ்ஸ், போஸ்ட் மலோன் நால்வரையும் தாண்டி பியான்சே. அந்தப் பிரிவில் ஒரு கறுப்பினக் கலைஞர் வெல்வது இதுதான் முதல் தடவை. உறையைப் பிரித்ததே டெய்லர் ஸ்விஃப்ட். பெயர் கேட்டதும் பியான்சே முகம் போன போக்கை இன்று நூறு பேர் படமாகப் போட்டிருக்கிறார்கள். அவரே எதிர்பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்கிறேன். ஆல்பம் வருவதற்கு முன்பே பியான்சே, இது கன்ட்ரி ஆல்பம் அல்ல, பியான்சே ஆல்பம் என்று எழுதினார். பிறகு எதற்குக் கன்ட்ரிப் பரிசு என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பின்கதை தெரியாமல் அந்த வரி புரியாது. 2016இல் நாஷ்வில்லில் கன்ட்ரி சங்க விருது மேடையில் அவர் பாடியபோது என்ன வசவு வந்தது என்று எங்களுக்கு நினைவு இருக்கிறது. அதே பாட்டைக் கன்ட்ரிப் பிரிவில் சேர்க்க கிராமிக் குழுவே அப்போது மறுத்தது. போன செப்டம்பரில் அதே கன்ட்ரி சங்கம் 'கவ்பாய் கார்ட்டரு'க்கு ஒரு பரிந்துரைகூடத் தரவில்லை, 'டெக்சாஸ் ஹோல்டம்' கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்த பிறகும். வீட்டுக்குள் விடாதவரிடம் போய் இது என் வீடு அல்ல என்று சொன்னது தப்பா?

பான்ஜோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த வாத்தியம். 'டெக்சாஸ் ஹோல்டம்' பாட்டில் பான்ஜோ வாசித்தது ரியானன் கிடன்ஸ், அந்த வரலாற்றைத் தோண்டுவதற்கே வாழ்கிறவர். 2019இல் லில் நாஸ் எக்ஸ் பாட்டைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து பில்போர்டு தூக்கியது. பொதுப் பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் நின்றது. யார் கன்ட்ரி, யார் இல்லை என்று தீர்மானிப்பது ஒலி மட்டும் அல்ல, நண்பர்களே.

சுருதிபேதம் | 3 பிப்ரவரி 2025, இரவு 9:15

ஹூஸ்டன்வாசி, நல்ல பதிவு. கன்ட்ரி ஆல்பம் பரிசில் நான் உங்களோடு. அது அந்தப் பிரிவின் வாசலைத் திறந்தது, அந்த ஆல்பமும் அதற்காகவே செய்யப்பட்டது. என் சந்தேகம் பெரிய பரிசில் மட்டும்தான், அது அப்படியே இருக்கிறது. 'ரெனசான்ஸ்' 2023இல் தோற்றபோது நான் கத்தினேன், அதுதான் அவருடைய முழுமையான ஆல்பம். ஒரு தடம் அடுத்த தடத்துக்குள் நழுவிப் போகும், ஒரு நொடி சும்மா இராது. அதை ஹாரி ஸ்டைல்ஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து இதற்குக் கொடுத்தால் நான் என்ன நினைப்பது?

நடுவில் 2024 விழாவில் பியான்சேயின் கணவர் ஜே-இசட் மேடையிலேயே கேட்டார்: அதிகக் கிராமி வாங்கியவர், ஆனால் ஆல்பம் பரிசு மட்டும் இல்லை, உங்கள் கணக்கிலேயே இது உதைக்கிறதே என்று. அடுத்த வருஷமே கொடுத்துவிட்டார்கள். மேடையில் கணவர் கேட்டு வாங்கித் தந்த மாதிரி ஆகிவிட்டது, அவருக்கும் அது மரியாதை இல்லை.

தேனிக்காரி | 3 பிப்ரவரி 2025, இரவு 9:22

> மேடையில் கணவர் கேட்டு வாங்கித் தந்த மாதிரி

இது அபாண்டம். பதிமூணாயிரம் பேரு ஜே-இசட் பேச்சக் கேட்டு ஓட்டுப் போட்டாகளா? அப்படியாப்பட்ட செல்வாக்கு இருந்தா 2015லயே வாங்கிக் குடுத்திருப்பாருல்ல!

கோடம்பாக்கம்_கீபோர்டு | 3 பிப்ரவரி 2025, இரவு 10:40

செல்வாக்க விடுங்க. ஓட்டுப் போடுற ஆளே மாறிட்டாங்க, அதான் நிஜக் காரணம்னு நான் நினைக்கிறேன். இன்னிக்கு விழாவுலயே அகாடமித் தலைவர் ஹார்வி மேசன் ஜூனியர் வந்து சொன்னாரு: 2019க்கு அப்புறம் சேந்தவங்கதான் மூணுல ரெண்டு பங்கு. வெள்ளையர் அல்லாதவங்க நாப்பது சதவீதம் கிட்ட. 'லெமனேட்' தோத்தப்ப ஓட்டுப் போட்ட கூட்டமும் இந்தக் கூட்டமும் ஒண்ணு இல்ல. போன தலைமுறை வச்ச பாக்கிய இந்தக் கூட்டம் ஏன் தன் தலையில போட்டுக்கணும்? அவங்களுக்குப் பிடிச்ச ஆல்பத்துக்குப் போட்டிருக்காங்க. சுருதிக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்.

பனிக்காடு | 4 பிப்ரவரி 2025, காலை 7:12

அந்த மேசன் பேசி முடிஞ்ச கையோட மேடைக்கு வந்தது ஆரெண்டு கவனிச்சியளோ? எங்கட ஸ்கார்பரோப் பெடியன், த வீக்கெண்ட். அவன் வளர்ந்த இடத்தில எங்கட தமிழ்க் கடையள்தான் வரிசைக்கு நிக்குது, அதால எனக்கு அவன்ர கதை வீட்டுக் கதை மாதிரி.

2020இல 'ஆஃப்டர் அவர்ஸ்' வந்தது. 'பிளைண்டிங் லைட்ஸ்' கேக்காத காது உலகத்தில இல்லை. அந்த வருச நவம்பரில கிராமி பட்டியல் வருது, அவனுக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. பூச்சியம். ஊழல் எண்டு வெளிப்படையாச் சொல்லிப்போட்டு, இனி என்ர இசையை அனுப்ப மாட்டன் எண்டு விலத்தினான். காரணம் என்னெண்டால், கீபோர்டு அண்ணை சொல்லுற பொதுவாக்கு அப்ப கடைசி வார்த்தை இல்லை. வாக்கில முன்னுக்கு வந்த பெயர்களைப் பேர் வெளியிடாத ஒரு சின்னக் குழு இருந்து தட்டிக் கழிச்சுத்தான் இறுதிப் பட்டியல் போடும். 2021 ஏப்ரலில அந்தக் குழுக்களை எடுத்தினம். இவன் போட்ட சத்தம் இல்லாட்டி அது நடந்திருக்காது எண்டுதான் நான் நம்புறன்.

இப்ப சமாதானமாகி வந்து பாடுறான். புது ஆல்பம் வந்து ரண்டு நாள், விளம்பரமும் ஆச்சு. அகாடமிக்கும் நல்ல பேர். என்னால முழுசாச் சந்தோசப்பட முடியேல்லை, ஆனா முதல் ஆளா எழும்பிக் கை தட்டினதும் நான்தான்.

இரும்பிசை | 4 பிப்ரவரி 2025, காலை 9:30

ஊழல்னு சொன்னா எல்லாரும் பொங்குவாங்க. ஆனா ஊழலே இல்லாமலே அசிங்கப்பட முடியும்ங்க. 1990ல மில்லி வனில்லி கதை தெரியுமல்லங்க? சிறந்த புதுமுகம்னு குடுத்தாங்க. நவம்பர்ல தயாரிப்பாளரே ஒத்துக்கிட்டாரு, ஆல்பத்துல பாடுனது அந்த ரெண்டு பேரே இல்லன்னு. பரிசத் திருப்பி வாங்குனாங்க. திருப்பி வாங்குன ஒரே கிராமி அதுதான். பதிமூணாயிரமோ அப்ப எத்தன பேரோ, அத்தனையும் இசைக்காரங்க. ஒருத்தன் காதுக்கும் தெரியலீங்களே!

ராப்_ராசு | 4 பிப்ரவரி 2025, காலை 9:41

ராப் பாடகி டோச்சீ பத்தி யாருமே பேசல. ராப் ஆல்பம் பரிசு வாங்குன மூணாவது பொண்ணு. லாரின் ஹில்லும் கார்டி பியும் தவிர வேற யாரும் கிடையாது. இந்த வருசத்துல சண்டையே இல்லாம எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே பரிசு. அதனாலதான் இழையில இடம் கிடைக்கல போல.

ஹூஸ்டன்வாசி | 16 ஜூன் 2025, காலை 8:05

நான்கு மாசம் தூங்கிய இழையை எழுப்புகிறேன், மன்னிக்கவும். அகாடமி அடுத்த வருஷத்துக்கான மாற்றங்களை அறிவித்திருக்கிறது. கன்ட்ரி ஆல்பம் இனி இரண்டு: பாரம்பரியக் கன்ட்ரி ஆல்பம், சமகாலக் கன்ட்ரி ஆல்பம். பியான்சே ஜெயித்த நாலே மாசத்தில்!

தேனிக்காரி | 16 ஜூன் 2025, காலை 8:19

ஒரு பொண்ணு உள்ள வந்தா. உடனே வீட்டுக்குக் குறுக்கே சுவரு. இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

கோடம்பாக்கம்_கீபோர்டு | 16 ஜூன் 2025, காலை 11:50

நேரத்தப் பாத்தா எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா பிரிக்கிறது புதுசு இல்ல. புளூஸ்ல 1988லேர்ந்தே பாரம்பரியம், சமகாலம்னு ரெண்டு ஆல்பம் பரிசு. நடுவுல 2012ல ஒண்ணாக்கி, 2017ல திரும்பப் பிரிச்சாங்க. ஆர் அண்ட் பியிலயும் 'பாரம்பரிய' பெர்ஃபார்மன்ஸ்னு தனியா உண்டு. கன்ட்ரி ஆட்களே கொண்டுவந்த கோரிக்கைன்னு அகாடமி சொல்லுது. மெட்டாலிகா தோத்தப்பவும் அடுத்த வருசமே பிரிச்சாங்கல்ல, அப்ப இரும்பிசை கைதட்டுனாரு.

இரும்பிசை | 16 ஜூன் 2025, மதியம் 12:03

அப்ப நான் பொறக்கவே இல்லீங்க அண்ணா. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க தோத்தவனுக்காகப் பிரிச்சாங்க. இங்க ஜெயிச்சதுக்கப்புறம் பிரிக்கறாங்க.

சுருதிபேதம் | 16 ஜூன் 2025, மதியம் 12:31

இந்த வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன் கீபோர்டு, ஓர் ஆல்பம் எந்தப் பெட்டியில் போகும் என்று முடிவு செய்வது யார்? கலைஞரா, அகாடமியா?

கோடம்பாக்கம்_கீபோர்டு | 16 ஜூன் 2025, மதியம் 12:58

அனுப்பறவங்க எந்தப் பிரிவுன்னு எழுதி அனுப்புவாங்க. கடைசியா வைக்கிறது அகாடமியோட ஸ்கிரீனிங் குழு. அங்க யார் உக்காந்திருக்காங்கன்னு வெளிய சொல்ல மாட்டாங்க.

பனிக்காடு | 16 ஜூன் 2025, இரவு 7:44

அப்ப பேர் தெரியாத குழு திரும்பவும் கதவடியில நிக்குது எண்டுறியள். நவம்பரில பட்டியல் வரட்டும், இஞ்சதான் இருப்பன்.